ஹெரால்டுக்கு ஒரு வக்காலத்து

இன்ஜினியர் என்று பெயர் வாங்கியவன் சொந்த ஊருக்குப் போனால் ஒரு சங்கடம் உண்டு. பம்ப் செட் ஓடவில்லையா, கூப்பிடு அவனை. இன்வெர்ட்டர் சத்தம் போடுகிறதா, கூப்பிடு அவனை. சென்ற பொங்கலுக்கு அணைக்கட்டு போயிருந்தபோது எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை. அதில் தார்ப்பாய்க்கு அடியில் 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மார்க் 3, நாலு கதவு.

"இன்னா தம்பி, நீ மெக்கானிக்கல்தானே? பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேக்கறான். பையன் குடுத்துடுன்றான். இது வெச்சிக்கிற வண்டியா, இல்லியா? நீ சொல்லு, அப்படியே செய்யறேன்" என்றார்.

சட்டென்று பதில் வரவில்லை. காரணம் நம் ஹாஸ்டல். இரவு பதினொரு மணிக்கு மேல் மொட்டை மாடியில் நடந்த கார் சண்டைகள் உங்களுக்கும் நினைவிருக்கும். அம்பாசடர் கட்சி ஒன்று, ஃபியட் கட்சி ஒன்று, கான்டெஸாவுக்கு உயிரையே கொடுக்கும் கட்சி ஒன்று. ஹெரால்டுக்கு மட்டும் கட்சியே கிடையாது. "அது தகர டப்பா மச்சி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். நானும்தான் சொன்னேன். எதைப் பார்த்துச் சொன்னேன் என்றால், ஒன்றையும் பார்த்துச் சொல்லவில்லை.

அந்தத் தகர டப்பா நம்ம மெட்ராஸ் சரக்கு என்பதே பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் மெட்ராஸ் யூனியன் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 1948இல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில். முதலில் வான்கார்டு, பிறகு எய்ட், டென், பென்னன்ட் என்று சின்னக் கார்கள். அதே சமயத்தில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 பூட்டிக்கொண்டிருந்தது. அதுதான் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ஹூண்டாயும் ஃபோர்டும் வந்த பிறகுதான் சென்னைக்குக் கார் வந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

1953இல் அரசு ஒரு முடிவெடுத்தது. உதிரி பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்றால் மட்டும் போதாது, இங்கேயே செய்யத் திட்டம் வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டிவிட்டன. கார் சந்தையில் மிஞ்சியவர்களில் முக்கியமானவர்கள் மூவர்: உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட். அடுத்த முப்பது வருஷம் நம் நாட்டில் கார் என்றால் ஏறக்குறைய இந்த மூன்று வாசல்தான். எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், விலைக்குக் கட்டுப்பாடு, அந்த விலை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. யாருடைய கார் நல்ல கார் என்று பேசும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம்.

இனி ஹெரால்டுக்கு வருவோம். 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961இல் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆயிற்று. அந்தக் காலத்தில் எல்லாரும் பாடியையும் சேஸிஸையும் ஒன்றாக்கும் மானோகாக் முறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹெரால்டு மட்டும் தனி சேஸிஸ். பழைய முறை என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் காரணம் வேறு. ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. பெரிய பாடியை ஒரே இடத்தில் அடிக்க வழியில்லை. எனவே சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல இடங்களில் செய்து, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இறுக்கும்படி வடிவமைத்தார்கள். இல்லாத கொடுமையில் பிறந்த டிசைன் அது.

நம் ஊருக்கு அது எவ்வளவு தோதானது பாருங்கள். பெரிய பிரஸ் இல்லாத நாட்டில் துண்டு துண்டாகச் செய்யலாம், பெட்டியில் போட்டு அனுப்பலாம். இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கடைசி வரை இரண்டே கதவு. நாலு கதவு ஹெரால்டு 1960களின் பிற்பகுதியில் மெட்ராஸில் மட்டும்தான் செய்யப்பட்டது. தனி சேஸிஸ் இருந்ததால் அந்த மாற்றம் எளிதாகியிருக்கும் என்பது என் கணிப்பு. பெருங்களத்தூர் டிராயிங் போர்டில் நடந்த அந்த வேலையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இன்னொரு வேடிக்கை. அம்பாசடர் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது என்ன? "சேஸிஸ் ஸ்ட்ராங்கு, டாங்கி மாதிரி." அம்பாசடருக்குத் தனி சேஸிஸே கிடையாது! அது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ், மானோகாக். ஃபியட் 1100ம் அப்படித்தான். அந்த மூன்றில் நிஜமாகவே சேஸிஸ் இருந்தது நாம் தகர டப்பா என்று சொன்னதற்குத்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வெட்கமாகவே இருந்தது. நான் மெக்கானிக்கல் முடித்தவன் வேறு.

அதற்காக அம்பாசடரைத் தள்ளிவிட முடியாது. 1489 சிசி இன்ஜின், உயரமான வயிறு, எந்த ஊர்ப் பட்டறையிலும் கிடைத்த சாமான். தோல் வியாபாரிகள் பேரணாம்பட்டுக்கும் வாணியம்பாடிக்கும் அதில்தான் அலைந்தார்கள் என்று பெரியவர் சொல்கிறார். சாம்பிள் தோலை டிக்கியில் போட்டால் வண்டி அசையாதாம். (மூன்று நாளைக்கு அந்த வாசனை போகாதாம், அது வேறு கதை.) 2014 வரை அந்த வண்டி வந்துகொண்டிருந்ததற்கு அரசாங்கமும் டாக்ஸிக்காரர்களும் வாங்கியது பெரிய காரணம். தரத்தில் அது சராசரிதான், பழக்கத்தில்தான் ராஜா.

ஹெரால்டுக்குக் குறையே இல்லை என்றும் நான் வாதாடவில்லை. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்ஸில். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். தனியாளாக ஓட்டினால் நல்ல சுகம். நம் ஊரில் தனியாளாக எவன் போகிறான்? கல்யாணத்துக்கு எட்டுப் பேரும் ஒரு அண்டாவும் ஏறினால் பின் சக்கரங்கள் காலை அகட்டி நிற்கும், டயரின் உள்பக்கம் தேயும். வேகமாக வளைத்துத் திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இன்ஜின் பிரச்சினை இன்னொன்று. இங்கிலாந்தில் 1961லேயே 1147 சிசி, 1967இல் 1296 சிசி என்று ஏற்றினார்கள். இங்கே முதலிலிருந்து கடைசி வரை அதே 948 சிசி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்புவதில் ஹெரால்டை அடிக்க முடியாது, 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஏறுவதில்தான் மூச்சு வாங்கும்.

1970களின் தொடக்கத்தில் கெஸல் வந்தது. ஸ்விங் ஆக்ஸிலை எடுத்துவிட்டு எல்லாரையும் போல நேர் ஆக்ஸில் போட்டார்கள். இன்ஜின் மட்டும் அதே 948. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கெஸலும் நின்றது. பிறகு 1985 வரை ஸ்டாண்டர்டிடம் விற்கக் காரே இல்லை, வேன்தான். என் கணக்கில் கம்பெனியை மூழ்கடித்தது இந்த இடைவெளிதான். அந்த நேரத்தில்தான், 1983 டிசம்பரில், மாருதி வந்து ஆட்டத்தையே மாற்றியது.

பிறகு வந்ததுதான் ஸ்டாண்டர்ட் 2000. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய ரோவர் எஸ்.டி.1இன் உடம்பு. இங்கிலாந்தில் அதற்கு 3.5 லிட்டர் வி8 இருந்தது. இங்கே போட்டது பழைய வான்கார்டு குடும்பத்து 1991 சிசி. மைலேஜ் சொன்னபடி வரவில்லை, விலையும் எட்டவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது. கார் பிரியர்கள் இன்றும் "டிராக்டர் இன்ஜின்" என்று சிரிக்கிறார்கள். அந்தக் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது உண்மைதான். அதே குடும்பம், அதே 1991 சிசி அளவில், ட்ரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. அதைச் சொல்ல மாட்டார்கள். 1947இல் நல்ல இன்ஜின். 1985இல் கிழம். ஆகவே அந்தக் காரைப் பொறுத்தவரை முதலில் செய்த புகழ்ச்சியும் அதிகம், பிறகு செய்த கேலியும் அதிகம். இப்போது நம் பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்தில், பனப்பாக்கத்தில், டாடாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ரோவர் வம்சம் சுற்றி வளைத்துப் பாலாற்றுப் பக்கம் வருகிறது!

சரி, கொட்டகைக்கு வருவோம். ஹெரால்டின் பானெட் தனி அழகு. இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும், முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உட்கார்ந்தேன். ஸ்க்ரூ டிரைவரால் சேஸிஸை முழ நீளத்துக்கு ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். நடு ரெயில்கள் கணீரென்றன. ஓரத்துக் கைகள் இரண்டு துருப்பிடித்துப் பொடிந்தன. அதை வெட்டி வெல்டிங் வைத்துவிடலாம். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய, உருமாற்றாத காரை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். தினசரி ஓட்டக் கூடாது; கண்காட்சிக்கும் ரேலிக்கும் ரிப்பேருக்கும் எடுக்கலாம்.

"எடைக்குப் போட்டுடாதீங்க மாமா" என்றேன். "மெட்ராஸ்ல செஞ்ச நாலு கதவு இது. இங்கிலாந்துல கூட இல்ல."

"அங்க கூடவா இல்ல?" என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் இரும்புக்காரர் தராசோடு வந்தார். மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். இப்போது ஆர்.சி. புத்தகம்தான் வேண்டும். பீரோவில் இல்லை. மண்டிக் கணக்கு நோட்டுகளோடு பரணில் இருக்கும் என்கிறார். பேரனை ஏற்றிவிட்டுக் கீழே நின்று டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார்.