மொட்டை மாடி மழைக்கு வந்த சட்டம்



"நம்ம கட்டடத்துக்குள்ள என்ன செய்யணும்னு அரசாங்கம் ஏன் சொல்லணும்?" லிஃப்ட் உரிமம் என்றாலும் கழிவுநீர் சுத்திகரிப்பு என்றாலும் சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. இதே கேள்வியை 2003-ல் சென்னை முழுவதும் கேட்டது. அந்த விவாதத்தின் மிச்சம்தான் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் நம் மழைநீர்க் குழாய்.

சென்னையில் நிலத்தடி நீரை எடுப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1987-லேயே வந்துவிட்டது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? பெசன்ட் நகரில் வசித்த சேகர் ராகவன், இயற்பியல் படித்தவர், 1990-களிலேயே வீடு வீடாகப் போய் இதைச் சொன்னார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பிறகு மழை பொய்த்தது. ஏரிகள் வறண்டன, தெருவெல்லாம் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டின. 2003-ல் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை புதுக் கட்டடங்களுக்கு இருந்த விதி, பழைய கட்டடங்களுக்கும் வந்தது. சில மாதமே கெடு. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம்; அரசே அமைத்துவிட்டுச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம்.

வீட்டுக்கு வீடு வாக்குவாதம். "மழையே இல்லை, சேகரிப்பது எதை?" என்றார்கள் சிலர். பிளம்பர்களுக்கு ஏகக் கிராக்கி. விஞ்ஞானம் தெரிந்தவர்களின் கேள்வி வேறு: ஊர் முழுக்க ஒரே மண்ணா? திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் ஆழமில்லாத குழியே போதும், நீர் இறங்கிவிடும். களிமண்ணில் அது குட்டையாகத் தேங்கும்; களியைத் தாண்டி ஆழமாகத் துளை போட வேண்டும். அவசரத்தில் பலர் இதையெல்லாம் பார்க்கவில்லை. அதிகாரி வந்தால் காட்டுவதற்கென்று ஒப்புக்கு ஒரு குழாயைக் குழிக்குள் விட்டவர்களும் உண்டு.

2005-ல் மழை கொட்டித் தீர்த்தது. கிணறுகளில் நீர் ஏறியது. சட்டத்தின் வெற்றி என்றது ஒரு தரப்பு. மழையின் கருணை என்றது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. மழை பெய்யாமல் எந்தக் குழியும் நிரம்பாது. குழி இல்லாவிட்டால் அந்த மழை சாக்கடை வழியாகக் கடலுக்குப் போயிருக்கும்.

ஆனால் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் மீண்டும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர். குழாய்கள் அப்போதும் சுவரில் இருந்தன. பல குழிகளில் மண் அடைத்துப்போயிருந்தது.

அந்த வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: சட்டத்தால் குழியை வெட்டவைக்க முடியும். ஆண்டுதோறும் அதைத் தூர்வார நாம்தான் வர வேண்டும். அரசு தலையிடலாமா என்று நாம் தாராளமாக விவாதிக்கலாம். அந்த விவாதம் ஓடும்போதும் மணல் அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 1,000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 93 லிட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் 9,300 லிட்டர், ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர். நம் மாடியின் பரப்பை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். பிறகு கோடையில் லாரிக்கு நாம் கொடுத்த தொகையையும் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குமுன் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் சேர்ந்த சருகை எடுத்து, குழியின் மேல் மணலைச் சுரண்டி மாற்றி, ஜல்லியைக் கழுவிப் போட்டால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலைதான். உங்கள் பிளாக்கின் குழி எங்கே இருக்கிறது என்று தெரியுமா? இன்று மாலை நடைப்பயிற்சிக்குப் போகும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.