கம்பம் பள்ளத்தாக்கில் மனநோயும் வாசிப்பும்

மனநோயையும் வீட்டுக்குள் நடக்கும் துயரங்களையும் பற்றிப் படிக்கும் பழக்கம், மனநல நூல் என்ற பெயரில் தமிழில் புத்தகங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தது. கூடலூரில் தொடங்கி கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி வரை நீளும் இந்தப் பூமிக்கு மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வந்த பிறகு அடிவாரத்தில் நெல்லும் வாழையும் செழித்தன. மலையில் ஏலத்தோட்ட வேலை. மனம் தடுமாறியவர்களைக் குறிக்க இங்குள்ள மக்களிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை: கிறுக்கு, பித்து, புத்தி பேதலிப்பு, காத்து கருப்பு, பேய்க்கோளாறு. இவற்றில் பாதி நோயைச் சொல்லும். மீதி நோய்க்குக் காரணம் சொல்லும்.

காரணம் கண்டு சொல்வது கோடாங்கியின் வேலை. விபூதி பூசி, எலுமிச்சம்பழத்தை எதிரே வைத்து, உடுக்கையை அடித்துக்கொண்டே “யாரு நீ, எதுக்கு வந்த?” என்று கேட்பார். தலைவிரித்து ஆடும் பெண்ணின் வாயிலிருந்து பதில் வரும். கிணற்றில் விழுந்தவள், பிரசவத்தில் போனவள், புகுந்த வீட்டில் பட்டினி கிடந்தவள் என்று யாராவது ஒருத்தி பேசுவாள். பிறகு உச்சி முடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணியடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். சொந்தப் பெயரில் ஒரு மருமகள் சொல்ல முடியாத கொடுமையை, செத்துப்போன இன்னொருத்தியின் பெயரில் ஊர்ச் சபைக்கு முன் சொல்ல இந்தச் சடங்கு இடம் தந்தது. ஒப்பாரியும் அப்படித்தான். இழவு வீட்டில் கூடி அழும் பெண்கள் இறந்தவரைப் பாடிக்கொண்டே அண்ணன் கைவிட்டதையும், கணவன் அடித்ததையும், பிள்ளையில்லாத ஏச்சையும் பாட்டுக்குள் வைத்தார்கள். வாய்மொழியாக இருந்த இந்தத் துயரம்தான் முதலில் அச்சுக்குப் போனது.

அச்சில் அது எடுத்த உருவம் ‘பெரிய எழுத்து நல்லதங்காள் கதை’. சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் மலிவுத் தாளில் அச்சிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் தமிழ்நாடெங்கும் திருவிழாக் கடைகளில் விற்றன. அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவருக்கும், அரிக்கேன் விளக்கில் படிப்பவருக்கும் ஏற்ற பருமனில் எழுத்துகள் இருக்கும். திண்ணையில் ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து கேட்பார்கள். நல்லதங்காளின் பிறந்த ஊராகச் சொல்லப்படும் அர்ச்சுனாபுரம், வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம், வத்திராயிருப்பை ஒட்டி இருக்கிறது. அவள் விழுந்ததாகச் சொல்லப்படும் கிணறும் அவளுக்கொரு கோவிலும் அங்கே உண்டு. பஞ்சத்தில் புகுந்த ஊரை விட்டு, ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி ஓட்டைப் பானையும் பச்சை விறகும் கொடுத்துச் சமைத்துக்கொள்ளச் சொல்கிறாள். எரியாத அந்த விறகு கதையின் உயிர்நாடி. கேட்கும் பெண்களில் அடுப்பு ஊதிக் கண் எரியாதவர்கள் யாருமில்லை. கடைசியில் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள் தாய்.

பத்தினிப் பெருமைக்காகச் சிலர் இதைப் புகழ்ந்தார்கள், மூடக்கதை என்று சிலர் ஒதுக்கினார்கள். இரண்டு தரப்பும் முக்கியமான ஒன்றைக் கவனிக்கவில்லை. பசி, அவமானம், போக்கிடம் இல்லாமை ஆகியவை ஒரு தாயின் மனத்தைப் படிப்படியாக எந்த முடிவுக்குத் தள்ளுகின்றன என்பதை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன வேறொரு மலிவுப் பதிப்பு அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. பிள்ளைகளைத் தனியே விட்டுப்போக மனம் வராமல் அவர்களையும் சேர்த்து முடித்துவிட நினைக்கும் கடும் மனச்சோர்வை இன்றைய மனநல மருத்துவம் தனியாக விவரிக்கிறது. கதை கேட்ட பெண்களுக்கு அந்த நிலை தெரிந்திருந்தது, பெயர்தான் தெரியாது.

வைத்தியர்களிடம் பெயர் இருந்தது. சித்த மருத்துவம் மனநோயைக் கிரிகை என்று சொல்லி 18 வகையாகப் பிரித்தது. ஆனால் அந்த ஏடுகள் வைத்தியர் வீட்டைத் தாண்டவில்லை. ஆங்கில மருத்துவமோ இன்னும் தூரத்தில் இருந்தது. சென்னையில் 1794இல் தொடங்கிய மனநோயர் இல்லத்தின் தொடர்ச்சியாக 1871இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை வந்தது. கம்பத்திலிருந்து அது 500 கிலோமீட்டருக்கும் மேல். பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பத்திரிகைத் துணுக்குகளிலும் சினிமா நகைச்சுவையிலும்தான் கீழ்ப்பாக்கம் அவர்களுக்கு அறிமுகமானது. ஒரு மருத்துவமனையின் பெயர் வசவாக மாறியது, பல குடும்பங்கள் நோயை மறைத்து வைக்க ஒரு காரணமாக இருந்தது. சிரிப்புக்காக எழுதிய வரிகள் செய்த கெடுதல் இது.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிலைமையை மெல்ல மாற்றியது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். உள்ளாட்சி வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த பெரியகுளம், போடி, கம்பம் போன்ற ஊர்கள் காலப்போக்கில் கிளை நூலகங்களைப் பெற்றன. தமிழில் மனம் பற்றிய அறிவு நூல்களுக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் பெரியசாமித் தூரன். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராக உழைத்த அவரே ‘அடிமனம்’, ‘தாழ்வு மனப்பான்மை’, ‘குழந்தை உள்ளம்’, ‘மனமும் அதன் விளக்கமும்’ என்று சிறு நூல்களையும் எழுதினார். பாடநூல் நடை இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதியவர் தூரன். ‘தாழ்வு மனப்பான்மை’ இன்று ஊர்ப் பேச்சிலேயே புழங்குகிறது என்றால், அப்படிப்பட்ட நூல்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனாலும் பரவலான வாசிப்பு வார இதழ்களில்தான் நடந்தது. ஆனந்த விகடன், 1947இல் தொடங்கிய குமுதம், 1962இல் வந்த ராணி ஆகியவை டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் கை மாறின. தொடர்கதைப் பக்கங்களை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை ஒட்டி ‘பைண்டு’ செய்யும் வழக்கம் தமிழ் வீடுகளில் பரவலாக இருந்தது. அந்தப் புத்தகத்தில் கதைக்கு நடுவே சோப்பு விளம்பரம் வரும், பாதி வெட்டுப்பட்ட ஜோக் வரும், எவரோ எழுதிய மளிகைக் கணக்கும் ஓரத்தில் இருக்கும். பெண்கள் அடுத்த வீட்டுக்குக் கடன் கொடுத்து, ஓரம் மடங்கி மஞ்சள் கறையோடு திரும்ப வாங்கிய புத்தகங்கள் இவை. ஜெயகாந்தன் எழுதிய குடும்பச் சிக்கல் கதைகளைப் பலர் படித்தது இப்படித்தான். காதில் குரல் கேட்கும் ஒருவனின் கதையைச் சுஜாதா ‘ஆ’ என்ற தொடராக எழுதியபோது, ஒவ்வோர் அத்தியாயமும் அந்த ஓர் எழுத்திலேயே முடிந்தது. மர்மக் கதையாகப் படித்தவர்களும் மனச்சிதைவின் ஓர் அறிகுறியை அதன் வழியே தெரிந்துகொண்டார்கள்.

அதே அனுபவத்தைக் கதை வேகம் எதுவுமின்றி நேருக்கு நேர் எழுதியவர் கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம். இரவும் பகலும் காதுக்குள் ஓயாமல் பேசும் குரல்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த அவர், அதையே ‘காதுகள்’ நாவலாக்கினார். 1993இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மதுரையில் பிறந்த கோபி கிருஷ்ணன் (1945–2003) உளவியல் படித்து மனநல சமூகப் பணியில் இருந்தவர். அவருடைய ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நோயாளிகளைப் பற்றிப் பேசுவதைவிட அவர்களைப் பேசவிடுவதில் அக்கறை காட்டியது. சிறு பதிப்பாக வந்து கைமாற்றாகப் படிக்கப்பட்ட புத்தகம் அது. 1975இல் மதுரையில் உருவான முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், 1990களின் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கமும் தென் மாவட்டச் சிற்றூர்களில் இலக்கியக் கூட்டங்களைப் பழக்கமாக்கின. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடைகளிலும் மாடி அறைகளிலும் புத்தகம் பற்றிய பேச்சு நடந்தது.

பள்ளத்தாக்கின் சொந்தத் துயரத்தை உள்ளூர் எழுத்தாளர்களே எழுதத் தொடங்கியபோது இந்த வாசிப்பு புதிய கட்டத்துக்கு வந்தது. 1959இல் திறந்த வைகை அணைக்காக நிலத்தையும் வீட்டையும் இழந்த ஊர்க்காரர்களின் கதையை, அந்த இடப்பெயர்வில் மெட்டூரை விட்டு வடுகபட்டிக்கு வந்த குடும்பத்தில் வளர்ந்த வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்தில் சொன்னார். விகடனில் தொடராக வந்த அந்த நாவல் 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தண்ணீர் ஏறி வரும்போதும் வீட்டை விட்டு வர மறுக்கும் பேயத்தேவரின் பிடிவாதத்தில், மண்ணைப் பறிகொடுத்த ஒரு தலைமுறையின் மனம் பதிவாகியிருக்கிறது. அடுத்து வந்த ‘கருவாச்சி காவியம்’ கணவன் தள்ளிவைத்த ஒரு பெண்ணின் வாழ்க்கை. நல்லதங்காளுக்கு இல்லாத ஒன்று கருவாச்சிக்கு உண்டு: அவள் கிணற்றைத் தேடிப் போகவில்லை, வாழ்ந்து காட்டுகிறாள்.

போடிநாயக்கனூரை அடுத்த அம்மாபட்டியில் பிறந்த சு. வேணுகோபாலின் எழுத்து இன்னும் உள்ளே போகிறது. ‘நுண்வெளிக் கிரணங்கள்’ நாவலிலும் ‘வெண்ணிலை’ தொகுப்பின் கதைகளிலும், கிணறு வற்றிக் கடன் ஏறி ஒரு விவசாயக் குடும்பம் தளரும்போது அதிலுள்ளவர்களின் மனம் எங்கே விரிசல் விடுகிறது என்பதை மருத்துவர் கை வைத்துப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். இந்தப் பள்ளத்தாக்கின் மனநிலையை அறிய விரும்புபவர் முதலில் எடுக்க வேண்டிய புத்தகங்கள் இவை என்று தயங்காமல் சொல்லலாம். தேனி சீருடையான் சிறுவயதில் பார்வை இழந்து, பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் படித்து, பின்னர் பார்வை திரும்பப் பெற்றவர். அந்த வாழ்க்கையை ‘நிறங்களின் உலகம்’ நாவலாக எழுதினார். குறைபாடுள்ள பிள்ளையை வறுமைப்பட்ட குடும்பம் எப்படித் தாங்குகிறது, எங்கே தாங்க முடியாமல் தவிக்கிறது என்பதை அந்தப் பிள்ளையே சொல்லும் நூல் அது. திரைப்பட இயக்குநர் பாலாவும் கம்பம் வட்டாரத்துக்காரர். 1999இல் வந்த அவரது ‘சேது’, மனம் பிறழ்ந்தவர்களைச் சங்கிலியில் கட்டிவைக்கும் மடத்தைத் திரையில் காட்டியது. தடுமாறிய தன் இளமையை அவர் மறைக்காமல் சொன்ன ‘இவன்தான் பாலா’ தொடரையும் விகடன் வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள்.

திரையில் கண்ட சங்கிலி இரண்டே ஆண்டுகளில் செய்தியானது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மறுநாள் நாளிதழை விரித்தவர்களுக்கு அது மறக்க முடியாத வாசிப்பு. காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதற்காக, குணம் தேடிக் கோவிலில் தங்குவது எல்லாமே கொடுமை என்றும் முடிவு கட்டிவிட முடியாது. தமிழ்நாட்டின் ஒரு சிற்றூர்க் கோவிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, தனிச் சடங்கு எதுவும் இல்லாத அந்த அமைதியான தங்கலில் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. மருத்துவமும் அதற்குள் பக்கத்தில் வரத் தொடங்கியிருந்தது. மதுரையில் 1992இல் மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைத் தொடங்கினார். 1996இல் தேனி தனி மாவட்டமானது, 2004இல் அந்த மாவட்டத்தின் க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது.

பிறக்கும்போதே மூளையின் போக்கு வேறாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றிய தமிழ் வாசிப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. “லேட்டாப் பேசுவான்”, “மந்தம்”, “சேட்டை” என்ற மூன்று சொற்களுக்குள் அந்தப் பிள்ளைகள் அடைபட்டிருந்தார்கள். அம்மா விடியும் முன்பே ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்விட, பாட்டி கையில் வளரும் பிள்ளை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை எவர் கவனிப்பார்? ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான யெஸ். பாலபாரதி எழுதி 2013இல் வந்த ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ இந்த இடத்தில் பெரிய உதவி. கண்ணோடு கண் பார்க்காதது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வது என்று பெற்றோர் தினமும் பார்ப்பவற்றையே எடுத்து விளக்குகிறது. பின்னர் வந்த அவரது ‘துலக்கம்’, காணாமல்போன ஆட்டிசச் சிறுவன் ஒருவனைச் சுற்றி அமைந்த நாவல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் சேர்த்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் சொன்னது.

2006க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று திட்டமிடப்பட்டதால், மலையடிவாரச் சிற்றூர்களுக்கும் ஒரு புத்தக அலமாரி வந்தது. 2022க்குப் பின் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்களை அரசே நடத்துகிறது. அரிக்கேன் விளக்கில் நல்லதங்காள் கேட்டவர்களின் பேத்திகள் இன்று புத்தகத்தைத் தாங்களே எடுத்துப் புரட்டுகிறார்கள், தங்கள் வீட்டில் நடந்ததற்கு அதில் ஒரு பெயர் இருப்பதையும் காண்கிறார்கள்.