இன்யோ கவுண்டி, கலிபோர்னியா

இன்யோ கவுண்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கு எல்லையில் அமைந்துள்ள ஒரு கவுண்டி ஆகும். கவுண்டி என்பது மாநிலத்திற்கு அடுத்த நிலையில் உள்ள நிர்வாகப் பிரிவு. ஏறத்தாழ நமது மாவட்டத்திற்கு ஒப்பானது. இதன் தலைநகரம் இன்டிபென்டன்ஸ். நகராட்சித் தகுதி பெற்ற ஒரே ஊர் பிஷப் ஆகும். பரப்பளவில் கலிபோர்னியாவின் இரண்டாவது பெரிய கவுண்டியான இது, மக்கள் மிகக் குறைவாக வாழும் பகுதிகளுள் ஒன்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திற்குத் தண்ணீர் கொண்டு செல்லப்பட்டதால் இக்கவுண்டியின் வரலாறு பரவலாக அறியப்படுகிறது.

புவியியல்

இக்கவுண்டியின் மொத்தப் பரப்பளவு சுமார் 26,488 சதுர கி.மீ. வடக்கே மோனோ கவுண்டியும், மேற்கே பிரெஸ்னோ, டுலாரி கவுண்டிகளும், தெற்கே கெர்ன், சான் பெர்னார்டினோ கவுண்டிகளும், கிழக்கே நெவாடா மாநிலமும் எல்லைகளாக உள்ளன.

மேற்கு எல்லையில் சியரா நெவாடா மலைத்தொடர் உள்ளது. பசிபிக் பெருங்கடலில் இருந்து வரும் ஈரக்காற்றை இம்மலைகள் தடுத்துவிடுவதால் கவுண்டியின் பெரும்பகுதி மழைமறைவுப் பகுதியாக, பாலைநிலமாக உள்ளது. எனினும் மலையுச்சிகளில் பொழியும் பனி உருகி, ஓடைகளாக இறங்கி ஓவன்ஸ் ஆற்றில் கலக்கிறது. இவ்வாறு ஓடும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு, மேற்கே சியரா நெவாடாவிற்கும் கிழக்கே வைட், இன்யோ மலைகளுக்கும் இடையில் அமைந்துள்ளது. இவ்வாறு கடலைச் சென்றடையாமல் ஆறு ஓவன்ஸ் ஏரியில் முடிவுற்றது.

அலாஸ்கா, ஹவாய் நீங்கலான ஐக்கிய அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான விட்னி மலை (4,421 மீ) இக்கவுண்டியின் மேற்கு எல்லையில் உள்ளது. வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டர் (கடல்மட்டத்திற்குக் கீழ் 86 மீ) இதே கவுண்டியின் டெத் வேலி எனப்படும் மரணப் பள்ளத்தாக்கில் உள்ளது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேர்தூரம் சுமார் 136 கி.மீ. மட்டுமே. மரணப் பள்ளத்தாக்கில் 1913 சூலை 10 அன்று பதிவான 56.7 பாகை செல்சியசு, உலகில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையாகக் கொள்ளப்படுகிறது.

வைட் மலைகளில் 4,800 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிரிசில்கோன் பைன் மரங்கள் உள்ளன.

மக்கள்

2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 19,016 பேர் வாழ்ந்தனர். ஒரு சதுர கி.மீ.க்கு ஒருவருக்கும் குறைவு. பிஷப் நகரின் மக்கள்தொகை 3,819. 2010 கணக்கெடுப்பில் அமெரிக்கப் பழங்குடியினர் 11.4 விழுக்காடாகவும், எசுப்பானிய மரபினர் 19.4 விழுக்காடாகவும் இருந்தனர்.

நிலத்தில் 90 விழுக்காட்டிற்கு மேல் நடுவண் அரசுக்கு உரியது. எஞ்சியதில் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திற்கும் மாநில அரசுக்கும் சொந்தம். தனியார் நிலம் 2 விழுக்காட்டிற்கும் குறைவு. எனவே ஊர்கள் விரிவடைய இடமில்லை.

வரலாறு

பையூட் மக்கள்

ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் பையூட் பழங்குடியினரும், மரணப் பள்ளத்தாக்குப் பகுதியில் டிம்பிசா சோசோனி பழங்குடியினரும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். பையூட் மக்கள் ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, உணவுக்குரிய கிழங்குச் செடிகளுக்கு நீர் பாய்ச்சினர். தம் நிலத்தை "ஓடும் நீரின் நாடு" என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர்.

1861 அளவில் வெள்ளையர்கள் மாட்டு மந்தைகளுடன் குடியேறினர். மாடுகள் பையூட் மக்களின் உணவுச் செடிகளை மேய்ந்து அழித்ததால் மோதல் மூண்டது. 1862 சூலை 4 அன்று இராணுவ முகாம் ஒன்று நிறுவப்பட்டது. இன்டிபென்டன்ஸ் என்ற பெயர் அதிலிருந்தே வந்தது. 1863 இல் ஏறத்தாழ 900 பையூட் மக்கள் தெற்கேயுள்ள டெகோன் கோட்டைக்குக் கட்டாயமாக நடத்திச் செல்லப்பட்டனர். பலர் பின்னர் திரும்பி வந்தனர்.

வெள்ளியும் நிலநடுக்கமும்

1866 இல் இன்யோ கவுண்டி உருவாக்கப்பட்டது. செர்ரோ கோர்டோ சுரங்கங்களில் எடுக்கப்பட்ட வெள்ளியும் ஈயமும் லாஸ் ஏஞ்சலசுக்குச் சென்றன. அப்போது சிற்றூராக இருந்த அந்நகரின் வணிகம் இதனால் வளர்ந்தது. பாளங்களை ஏற்றிய நீராவிப் படகு 1872 முதல் ஓவன்ஸ் ஏரியைக் கடந்தது. அதே ஆண்டு மார்ச் 26 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 27 பேர் இறந்தனர். லோன் பைன் ஊரின் 59 வீடுகளில் 52 இடிந்தன.

தண்ணீர்

1905 இல் லாஸ் ஏஞ்சலசின் முன்னாள் மேயர் பிரெட் ஈட்டன் இங்கு நிலங்களையும் நீருரிமைகளையும் வாங்கினார். அவை நகரத்திற்காக வாங்கப்படுகின்றன என்பதை விற்ற உழவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. பொறியாளர் வில்லியம் முல்கொலண்டு தலைமையில் கட்டப்பட்ட 375 கி.மீ. நீளமுள்ள லாஸ் ஏஞ்சலஸ் கால்வாய் 1913 நவம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. இறைப்பான்கள் எதுவுமின்றி, நிலத்தின் சரிவினாலேயே இதில் நீர் செல்கிறது.

கால்வாய்க்கு மேற்பகுதியில் இருந்த உழவர்கள் தொடக்கத்தில் பாதிக்கப்படவில்லை. 1920களின் வறட்சியில் நகரம் அவர்களது நிலங்களையும் வாங்கத் தொடங்கியது. 1924 மே மாதம் கால்வாய் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மக்கள் மதகுகளைக் கைப்பற்றி, நான்கு நாட்கள் நீரை ஆற்றில் திருப்பிவிட்டனர். எதிர்ப்பிற்குத் தலைமை தாங்கிய வாட்டர்சன் சகோதரர்களின் வங்கிகள் 1927 இல் மூடப்பட்டன. அவர்கள் கையாடல் குற்றத்திற்காகச் சிறை சென்றனர். மக்களின் சேமிப்போடு எதிர்ப்பும் முடிவுக்கு வந்தது. 1933 அளவில் பள்ளத்தாக்கின் வேளாண் நிலங்களில் சுமார் 95 விழுக்காடு நகரத்தின் கையில் இருந்தது. 1920 இல் 7,031 ஆக இருந்த கவுண்டியின் மக்கள்தொகை 1930 இல் 6,555 ஆகக் குறைந்தது.

மன்சனார்

மன்சனார் என்றால் எசுப்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம் என்று பொருள். பழமரங்களுக்குப் பெயர்பெற்ற இவ்வூரை நகரம் வாங்கியபின் 1929 அளவில் மக்கள் வெளியேறினர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், இவ்விடத்தில் சப்பானிய மரபினரைத் தடுத்துவைக்கும் முகாம் அமைக்கப்பட்டது. 1945 நவம்பர் வரை மொத்தம் 11,000க்கும் மேற்பட்டோர் இங்கு அடைக்கப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1940 இல் கவுண்டி முழுவதும் வாழ்ந்தோர் 7,625 பேரே. முகாமில் ஒரே நேரத்தில் 10,000 பேர் வரை இருந்தனர். நடுவண் அரசு 1988 இல் சட்டம் மூலம் மன்னிப்புக் கோரி, உயிருடன் இருந்தோருக்குத் தலா 20,000 டாலர் இழப்பீடு வழங்கியது. 1992 இல் மன்சனார் தேசிய வரலாற்றுத் தளமாக அறிவிக்கப்பட்டது.

ஓவன்ஸ் ஏரி

சுமார் 280 சதுர கி.மீ. பரப்பிலிருந்த ஏரி 1926 அளவில் வறண்டது. உப்புப் படிந்த ஏரிப்படுகையிலிருந்து காற்றில் எழுந்த நுண்புழுதி, ஐக்கிய அமெரிக்காவிலேயே மிக மோசமான புழுதி மாசாக விளங்கியது. இது மூச்சுக்குழல் நோய்களுக்குக் காரணமாகக்கூடியது. 1998 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 2001 முதல் நகரம் படுகையின் பகுதிகளில் ஆழமற்ற நீரைப் பரப்பிப் புழுதியை அடக்குகிறது. அந்நீரை நாடிப் பறவைகள் மீண்டும் வந்துள்ளன. நீதிமன்ற வழக்குகளைத் தொடர்ந்து 2006 திசம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சுமார் 100 கி.மீ. நீளத்திற்கு மீண்டும் நீர் விடப்பட்டது.

பொருளாதாரம்

சுற்றுலாவும் அரசுப் பணிகளும் முதன்மையான வருவாய் வழிகள். மரணப் பள்ளத்தாக்கு 1994 இல் தேசியப் பூங்கா ஆனது. லோன் பைன் அருகிலுள்ள அலபாமா குன்றுகளில் 1920 முதல் ஏராளமான திரைப்படங்கள் எடுக்கப்பட்டுள்ளன. நீர் விற்கப்பட்டதால் வேளாண்மை சுருங்கியது. எனினும் அதே காரணத்தால் பள்ளத்தாக்கு நகரமயமாகாமல் திறந்தவெளியாக எஞ்சியது. அத்திறந்தவெளியைக் காணவே இன்று பயணிகள் வருகின்றனர்.