பத்து இடத்தில் பத்தடியா, ஒரே இடத்தில் நூறடியா?

விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி வட்டத்தில் இருக்கிறது மல்லாங்கிணறு பேரூராட்சி. ஊர்ப் பெயரிலேயே கிணறு இருக்கிறது. ஆனால் சுற்றிலும் வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வரைக்கும் இதே கதைதான். மழை பெய்தால் கண்மாய் பெருகும். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பெய்யாவிட்டால் கிணறுதான் கதி. இப்படிப்பட்ட ஊர்களில் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. பத்து இடத்தில் பத்தடி தோண்டினால் தண்ணீர் வராது, ஒரே இடத்தில் நூறடி தோண்டு!

இந்த அறிவுரையை வீடியோ கேமுக்குப் பொருத்திப் பார்த்தால் எப்படி இருக்கும்? சிரிப்பு வரலாம். "விளையாட்டுதானே, எதை விளையாடினால் என்ன?" என்று கேட்கலாம். இன்று பலருடைய செல்போனில் திங்கட்கிழமை இறக்கிய கேம் வெள்ளிக்கிழமை இருப்பதில்லை. முதல் ஐந்து கட்டம் சுலபமாகப் போகும். ஆறாவதில் இரண்டு முறை தோற்றதும் "செம போர்" என்று அழித்துவிட்டு அடுத்ததை இறக்குவார்கள். இலவசம் என்பதால் இழப்பு தெரிவதில்லை. ஆனால் இழப்பு இருக்கிறது. அது என்ன என்று தெரிய வேண்டுமானால், ஒரே ஆட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

9999 ஆட்டம் என்ற கணக்கு

செல்போன் வருவதற்கு முன்பே இந்த ஆசையை விற்றவர்கள் இருந்தார்கள். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் திருவிழாக் கடைகளில் பொம்மைத் துப்பாக்கிக்கும் பலூனுக்கும் நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவி தொங்கும். கறுப்பு வெள்ளைத் திரை, நாலைந்து பட்டன், இரண்டு பென்சில் பேட்டரி. சீனாவில் தயாரானது. பெயர் 'பிரிக் கேம்'. அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும்.

ஒரே கருவியில் 9999 ஆட்டமா? வாங்கிய பையன்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தால் உள்ளே இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஆட்டங்கள்தான். கட்டம் அடுக்குவது, பாம்பு, கார் பந்தயம், டாங்கி... அவ்வளவுதான். அதே ஆட்டத்தின் வேகத்தை மாற்றினால் ஒரு எண், தொடக்க நிலையை மாற்றினால் இன்னொரு எண். இப்படிப் பெருக்கிப் பெருக்கித்தான் 9999 வந்தது. டிவியில் மாட்டும் வீடியோ கேம் கேசட்டுகளிலும் இதே தந்திரம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 9999-ல் பெரும்பாலோர் கடைசியில் திரும்பத் திரும்ப ஆடியது ஒன்றே ஒன்றுதான். மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கி வரிசையை நிரப்பும் ஆட்டம். அதன் உண்மையான பெயர் டெட்ரிஸ்.

மாஸ்கோவில் தொடங்கிய கதை

1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 என்ற கம்ப்யூட்டரில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை வைத்துத்தான் கட்டங்களைக் காட்டினார். நான்கு சதுரங்கள் சேர்ந்தால் ஏழு வடிவம் வரும். அந்த ஏழு வடிவம்தான் மொத்த ஆட்டமும். கதை கிடையாது, கதாநாயகன் கிடையாது, வில்லன் கிடையாது.

உரிமை சோவியத் அரசிடம் இருந்ததால், ஆட்டம் உலகமெல்லாம் விற்றபோதும் பஜித்னோவுக்கு ராயல்டி கிடைக்கவில்லை. 1996-ல்தான் உரிமை அவர் கைக்கு வந்தது. அதற்குள் 1989-ல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் தன் கருவிகளுக்கு டெட்ரிஸைக் கொண்டுவந்திருந்தது. கையடக்க கேம்பாய் ஒரு பக்கம், டிவியில் மாட்டி ஆடும் கருவி இன்னொரு பக்கம். இந்த டிவி கேசட்டை வைத்து நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம்.

29-வது கட்டத்தில் பாறை

அந்தக் கேசட்டில் பத்து வரிசை அழித்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். போகப் போக வேகம் கூடும். 19-வது கட்டத்தில் ஒரு துண்டு உச்சியிலிருந்து அடிவரைக்கும் விழ ஒரு விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் ஆகும். 29-வது கட்டத்தில் அதுவும் பாதியாகிவிடும். பட்டனை அழுத்திப் பிடித்தால் துண்டு ஓரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தரையில் உட்கார்ந்துவிடும். மனிதனால் இதற்கு மேல் முடியாது என்று ஆடுகிறவர்கள் எல்லோரும் நம்பினார்கள். 29-வது கட்டம்தான் ஆட்டத்தின் முடிவு என்றே பேசிக்கொண்டார்கள்.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு இந்த இடம் புரியும். கரிசல் மண் போகும், சரளை போகும், அப்புறம் கடப்பாறை 'ணங்' என்று சத்தம் போடும். பாறை! பத்தில் ஒன்பது பேர் அடுத்த இடத்துக்குப் போவது இங்கேதான்.

உலகமும் போய்விட்டது. புதுப்புதுக் கருவிகள் வந்தன, ஆயிரக்கணக்கான கேம்கள் வந்தன. 1989 கேசட்டை அட்டைப் பெட்டியில் போட்டு பரண் மேல் வைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு சிலர் மட்டும் விடவில்லை. 2009-ல் அமெரிக்காவின் ஹாரி ஹாங் அந்தக் கேசட் காட்டக்கூடிய அதிகபட்ச மதிப்பெண்ணான 9,99,999-ஐ எட்டினார். 2010-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் 'கிளாசிக் டெட்ரிஸ்' உலகப் போட்டி நடந்தது. அதில் வென்றவர் ஜோனாஸ் நியூபாவர். 2010 முதல் 2013 வரையிலும், பிறகு 2015 முதல் 2017 வரையிலும் மொத்தம் ஏழு முறை அவர்தான் சாம்பியன். நடுவில் 2014-ல் மட்டும் ஹாரி ஹாங் அவரை வென்றார்.

1990-ல் நிண்டெண்டோ நடத்திய போட்டியில் சிறுவனாக வென்ற தோர் ஆக்கர்லுண்ட் வேறு வழியைக் கண்டுபிடித்திருந்தார். பட்டனை அழுத்திப் பிடிக்காமல், கட்டை விரலை அதிர வைத்து விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் தட்டினார். 29-ஐத் தாண்டி 30-ஐத் தொட்டார். பாறையில் முதல் வெடி வைத்தவர் அவர்.

2018-ல் போர்ட்லாந்து நகரில் நடந்த இறுதிப் போட்டியில், இந்தத் தட்டும் முறையில் ஆடிய 16 வயது ஜோசப் சேலீ, நியூபாவரை 3-0 என்று தோற்கடித்தார். அவர் பிறப்பதற்கு முன்பே வந்த ஆட்டம் அது! நியூபாவர் 2021 ஜனவரியில் 39 வயதில் இறந்தார்.

அதையும் தாண்டி இன்னொரு முறை வந்தது. கிறிஸ்டோபர் மார்ட்டினெஸ் என்பவர், பட்டன் மேல் கட்டை விரலைச் சும்மா வைத்துக்கொண்டு, கருவியின் முதுகில் மற்ற விரல்களை மிருதங்கத்தில் உருட்டுவது போல உருட்டினார். ஒவ்வொரு விரலும் ஒரு அழுத்தம். இதைக் கற்றுக்கொண்ட 13 வயது வில்லிஸ் கிப்சன் 2023 டிசம்பர் 21 அன்று சுமார் 38 நிமிடம் ஆடி 157-வது கட்டத்துக்குப் போனார். அங்கே ஆட்டத்தின் புரோகிராமே திணறி உறைந்து நின்றுவிட்டது. கேசட் வந்து 34 வருடம் கழித்து, மனிதன் அந்த ஆட்டத்தைத் தோற்கடித்தான்.

இந்த 34 வருடத்தில் ஆட்டம் ஒரு துளியும் மாறவில்லை. அதே ஏழு வடிவம், அதே வேகம். மாறியது ஆடும் முறை. அழுத்திப் பிடிப்பதிலிருந்து தட்டுவதற்கு, தட்டுவதிலிருந்து உருட்டுவதற்கு! இதைத்தான் அடிக்கடி கேம் மாற்றுகிறவர்கள் இழக்கிறார்கள். சிரமம் வந்ததும் ஆட்டத்தை மாற்றினால், தன்னை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே வராமல் போய்விடுகிறது.

நம் ஊர் உதாரணம்

அமெரிக்காவும் ரஷ்யாவும் எதற்கு, தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. விஸ்வநாதன் ஆனந்த். அவர் ஆடுவது வீடியோ கேம் அல்ல, சதுரங்கம். ஆனால் 2025-ல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் சதுரங்கமும் ஓர் ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது. அந்த அளவுக்குக் கம்ப்யூட்டர் திரையோடு ஒட்டிவிட்ட ஆட்டம் அது.

1969-ல் மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்துக்கு ஆறு வயதில் அம்மா சுசீலா ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, அங்கே டிவியில் பகலில் சதுரங்கப் புதிர் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா புதிரைக் குறித்து வைப்பார், சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். சென்னையில் அவர் வளர்ந்த இடம், மானுவல் ஆரோன் 1972-ல் தொடங்கிய தால் சதுரங்கக் கழகம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். உட்கார்ந்தே இருக்க வேண்டுமானால் ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும்! லயோலா கல்லூரியில் பி.காம். படித்த ஆனந்த், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

1997 மே மாதம் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கம்ப்யூட்டர், உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. இனி சதுரங்கத்தில் என்ன இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். ஆனந்த் ஆட்டத்தை விடவில்லை. அதே கம்ப்யூட்டரைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார். 2000-ல் முதல் முறை உலக சாம்பியன் ஆனார், 2007-ல் மறுபடியும். 2008-ல் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்கொண்டபோது நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. வெள்ளைக் காய்களை வைத்து ஆடும்போது பெரும்பாலும் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை நகர்த்தித் தொடங்குவது அவருடைய பல வருடப் பழக்கம். அந்தப் போட்டியில் ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை நகர்த்தினார். கிராம்னிக் இதை எதிர்பார்க்கவில்லை. 6½-4½ என்று ஆனந்த் ஜெயித்தார். அப்போது அவருக்கு 38 வயது. ஆட்டம் அதேதான், முதல் அடியை மாற்றினார்!

2013-ல் சென்னையிலேயே கார்ல்சனிடம் பட்டத்தை இழந்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை. 2017-ல் 48 வயதில் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். 1988-ல் ஒரே ஒரு கிராண்ட்மாஸ்டர் இருந்த நாட்டில் இன்று எண்பதுக்கும் மேல். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷும் சென்னைக்காரர்தான். ஒருவர் வெட்டிய கிணற்றில் ஊரே தண்ணீர் இறைக்கிறது.

விட வேண்டியது எப்போது?

அப்படியானால் எதையும் எப்போதும் விடக்கூடாதா? அப்படியில்லை. வணிகவியலில் 'மூழ்கிய செலவு' என்று ஒன்று உண்டு. ஏற்கெனவே செலவாகி, திரும்பி வராத பணம். "இவ்வளவு போட்டுவிட்டோமே" என்பதற்காக மேலும் மேலும் போடுவது நஷ்டத்தைத்தான் கூட்டும். "இரண்டு வருஷம் ஆடிவிட்டேன், எப்படி விடுவது?" என்று சலிப்போடு ஒரு கேமில் உட்கார்ந்திருப்பதும் அதே வகைதான். ஈடுபாட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது. போன மாதம் ஆடியதற்கும் இந்த மாதம் ஆடுவதற்கும் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். தெரிந்தால் தோண்டலாம். தெரியவே இல்லையென்றால் அது தோண்டுவது ஆகாது, குழிக்குள் உட்கார்ந்திருப்பது.

இன்னொன்றும் இருக்கிறது. கிணறு யாருடைய பட்டாவில் என்று பார்க்க வேண்டும். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. அதையே நம்பிப் பயிற்சி எடுத்த இளைஞர்களின் ஆட்டம் திடீரென்று கையை விட்டுப் போனது. 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி நீக்கப்பட்டது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. ஆட்டத்தின் மேல் ஈடுபாடு உங்களுடையது, ஆனால் சாவி வேறொருவர் கையில். 1989 கேசட்டை யாரும் வந்து பிடுங்க முடியாது. சதுரங்கப் பலகைக்கு முதலாளியே கிடையாது. நூறடி தோண்டுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

ஆனாலும் பெரும்பாலோருக்கு ஆபத்து அதிகம் தோண்டுவதில் இல்லை, பத்தடியிலேயே நிறுத்துவதில்தான் இருக்கிறது. மல்லாங்கிணறு பக்கம் கோடையில் தோட்டக் கிணறுகளை எட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். சுவர் பாதி வரைக்கும் மண்ணாக இருக்கும், அதற்குக் கீழே பாறை. அந்தப் பாறையை வெடி வைத்து உடைத்த பிறகுதான் அடியில் ஊற்று வந்திருக்கும். பாறையைக் கண்டதும் இடத்தை மாற்றியிருந்தால் அங்கே கிணறு என்று ஒன்று இருந்திருக்காது.

செல்போனில் ஆறாவது கட்டத்தில் தோற்று, அழிக்கும் பட்டன் மேல் விரல் போகும்போது இதை ஒரு தரம் நினைத்துப் பார்க்கலாம்.