விரிசலும் தகடும்: குரோம்பேட்டை முதல் கல்பாக்கம் வரை

திண்மநிலை இயற்பியலும், ஜெட் இன்ஜினுக்குள் காற்றை அமுக்கும் ஆக்சியல் கம்ப்ரசரின் பொறியியலும் இன்று தனித்தனித் துறைகள். ஆனால் இரண்டிலும் ஒரே ஆள் தொடக்க காலத்தில் தடம் பதித்திருக்கிறார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் இருந்த ஏ.ஏ. கிரிஃபித், அணுப்பிணைப்புக் கணக்குப்படி இருக்க வேண்டிய வலிமையைவிட மிகக் குறைந்த இழுவிசையிலேயே கண்ணாடி உடைவதற்கு நுண்விரிசல்களே காரணம் என 1921-ல் வெளியான கட்டுரையில் காட்டினார். 1926-ல் அவரே கம்ப்ரசருக்கு வந்தார். தகட்டின் மேல் பாயும் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடுவதால்தான் பழைய கம்ப்ரசர்கள் சோபிக்கவில்லை. தகடுகளை விமான இறக்கையின் வடிவில் செய்ய வேண்டும் என்றார்.

இந்த இரு துறைகளும் தென்சென்னைப் புறநகருக்கு வந்த கதையில், ஆய்வுக்கூடங்களைவிட ஒரு சேர்க்கை விதியே முக்கியம் என்பது என் கருத்து. சி. ராஜம் தம் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு 1949-ல் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். பள்ளி முடித்தவர்களை அது எடுக்கவில்லை. பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கே மூன்றாண்டுப் படிப்பு. விமானவியல் தொடக்கத்திலிருந்தே அதில் ஒரு பிரிவு. படிகம், வெப்பவியல், அலை எல்லாம் ஏற்கெனவே படித்தவர்கள் பட்டறைக்குள் நுழைந்தார்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாம் அப்படித்தான் ஐம்பதுகளின் நடுவில் விமானவியலுக்கு வந்தார். ஸ்பாண்டர், பண்டாலை, நரசிங்க ராவ் ஆகிய ஆசிரியர்களைத் தம் சுயசரிதையில் நன்றியோடு குறிப்பிடுகிறார். (அதே திருச்சிக் கல்லூரியிலிருந்து அதே வளாகத்துக்கு மின்னணுவியல் படிக்க வந்த எஸ். ரங்கராஜனைத் தமிழ் வாசகர்களுக்கு சுஜாதாவாகத் தெரியும்.) இரண்டு ரயில் நிலையங்கள் தள்ளித் தாம்பரத்தில், 1937-லேயே ஜார்ஜ் டவுனிலிருந்து இடம்பெயர்ந்திருந்த கிறித்தவக் கல்லூரியும் அறிவியல் பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த கட்டத்தில் துறைகள் பிரிந்தன. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யில், டர்போ இயந்திர ஆய்வகம் இயந்திரவியல் துறையிலும் திரவ ஹீலியம் புழங்கும் தாழ்வெப்ப ஆய்வகம் இயற்பியல் துறையிலுமாக அமைந்தன. 1971-ல் கல்பாக்கத்தில் அணு உலை ஆய்வு மையம் வந்தது. அங்கே 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைக்காக, நியூட்ரான் தாக்கி எஃகு உப்புவதையும், சூட்டிலும் சுமையிலும் உலோகம் மெல்ல நீள்வதையும் ஆராய வேண்டியிருந்தது. உயர் அழுத்த கம்ப்ரசரின் கடைசிப் படிகளில் உள்ள தகடுகளுக்கும் இந்த நீட்சிதான் எதிரி. முன்படிகளில் டைட்டானியம் போதும். காற்று அமுங்கி அமுங்கிச் சூடேறும் பின்படிகளுக்கு நிக்கல் கலவை தேவைப்படுகிறது.

இரண்டு துறைகளும் சேர்ந்தே தேவை என்பது இந்திய விமானங்களில் தெரிந்தது. 1961-ல் பறந்த மாருத் போர் விமானத்துக்குக் கிடைத்தது ஏழு படி ஆக்சியல் கம்ப்ரசர் கொண்ட ஆர்ஃபியஸ் இன்ஜின்தான்; உந்துவிசை போதவில்லை. 1989-ல் ஒப்புதல் பெற்ற காவேரி இன்ஜினுக்கு மூன்று படி விசிறியும் ஆறு படி கம்ப்ரசரும் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டன. அதுவும் இலக்கு உந்துவிசையை எட்டவில்லை. காற்றியக்கக் கணக்கு மட்டும் அதைக் காப்பாற்றியிருக்காது. டர்பைனின் சூட்டைத் தாங்கும் ஒற்றைப் படிகத் தகடுகளும் வேண்டும். அது திண்மநிலை இயற்பியலைச் சார்ந்த வேலை. காவேரி பொருத்தப்பட வேண்டிய தேஜஸ் போர் விமானம் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலில் அமெரிக்க இன்ஜினோடுதான் எழும்பியது.

குரோம்பேட்டை நிறுவனம் 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. பி.எஸ்ஸி. வழி பின்னர் அடைபட்டு, இப்போது பிளஸ் டூ மதிப்பெண்ணே விமானவியல் வகுப்புக்கான நுழைவுச் சீட்டு. இயற்பியல் அங்கே முதலாண்டுப் பாடமாகச் சுருங்கிவிட்டது.