ஆயிரத்துக்கு 61.6: 1918 காய்ச்சலும் சாவின் கணக்கும்

2020இல் மாலைதோறும் வந்த கொரோனா அறிவிப்புகளில் 'குணமடைந்தோர் விகிதம்' என்றொரு எண் தவறாமல் இருந்தது. கேட்கிறவருக்கு ஆறுதல். பெரும்பாலோர் பிழைச்சுக்கிறாங்க, நாமும் அதில் ஒருத்தர்தானே. கிருமிக்கென்று ஒரு கொல்லும் திறன் உண்டு, அது எல்லா உடல்மீதும் ஒரேமாதிரி வேலை செய்கிறது என்ற நம்பிக்கை இந்த ஆறுதலுக்கு அடியில் கிடக்கிறது. 1918இன் இன்ஃப்ளுயன்சாவை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே செத்தவர்கள். கீழே யார்? நோய் கண்டவர்களா, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களா, மொத்த ஜனத்தொகையா? கீழ் எண்ணை மாற்றினால் அதே பிணங்கள் கூடவோ குறையவோ தெரியும். 1918 பற்றிய எழுத்துகளில் உலகமெங்கும் 50 கோடிப் பேருக்கு நோய், 5 கோடிச் சாவு, நோயாளிகளில் இறப்பு 2.5 சதவீதம் என்று மூன்று எண்கள் அக்கம்பக்கமாக வருவதுண்டு. 50 கோடியில் 5 கோடி என்றால் 10 சதவீதம் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஆனாலும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

இந்தியாவில் மேல் எண்ணே தகராறு. கிராமத்துச் சாவைப் பதிந்தவர் டாக்டர் அல்ல. வடக்கே காவல்காரன் போய்ச் சொன்ன சேதி, சென்னை மாகாணத்தில் கிராம முன்சீப்பின் பதிவேடு. காலரா, பெரியம்மை, பிளேக் இவை போக மிச்சத்தில் பெரும்பகுதி 'காய்ச்சல்' என்ற ஒரே கட்டத்துக்குள் போய் விழுந்தது. 1918 அக்டோபர் வாக்கில் எழுதவேண்டியவர்களே படுத்துவிட்டார்கள். எனவே செத்தவர்களைப் பின்னால் கழித்தல் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1919இல் அரசின் சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் சொன்னது ஏறத்தாழ 60 லட்சம். 1921 சென்சஸ் அதை 1.2 கோடிக்கு மேல் கொண்டுபோனது. 1951இல் கிங்ஸ்லி டேவிஸ் 2 கோடி என்றார். 2012இல் வந்த ஓர் ஆய்வு அதிகபட்சம் 1.39 கோடி என்கிறது. 1911இல் ஜனத்தொகை சுமார் 31.5 கோடி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பிழைத்தார்கள் என்று இதையும் எழுதிவிடலாம்தான்.

அந்தச் சராசரியைப் பிரித்தால் என்ன வருகிறது? பம்பாய் நகரம் பற்றி மில்ஸ் என்ற ஆய்வாளர் 1986இல் எடுத்துக்காட்டிய பட்டியல் இது. ஆயிரம் பேருக்கு இன்ஃப்ளுயன்சா சாவு: ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9, முஸ்லிம்கள் 19.2, சாதி இந்துக்கள் 18.9. 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று அந்தப் பட்டியல் பெயரிடுகிற மக்கள் 61.6.

ஒரே நகரம், ஒரே கிருமி. வெள்ளைக்காரனுக்கு நல்ல மருந்து கிடைத்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது; அன்று மருந்தே இல்லை. பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சலைத் தொடர்ந்து வந்த நிமோனியா, அதற்கான ஆன்டிபயாடிக் வர இன்னும் பல வருஷம் ஆகவேண்டும். அப்போது ஓர் உடலைக் காப்பாற்றக்கூடியவை காற்றோட்டமான அறை, கஞ்சி, வெந்நீர், வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடக்கும் வசதி, பக்கத்தில் ஓர் ஆள். 1918இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்திருந்தது, யுத்தத்தால் தானிய விலை ஏறியிருந்தது. ஒரே அறையில் ஒரு குடும்பமே படுத்தால் கஞ்சி வைக்க யார்? நடுவயதில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் செத்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்கவேண்டும். எல்லோருக்கும் பண்டுவம் பார்த்தவளுக்குப் பார்க்க ஆளில்லை. 8.3க்கும் 61.6க்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கிருமியின் கணக்கில் எழுதமுடியாது.

காலனிய அரசு சாதிவாரியாகப் பிணங்களை எண்ணியது கருணையால் அல்ல. ஆளப்படுகிறவர்களைச் சாதியாகவும் மதமாகவும் பிரித்து எண்ணுவது அதன் பழக்கம். ஆனாலும் அந்தக் கட்டம் இருந்ததால்தான் 61.6 நமக்குக் கிடைத்திருக்கிறது.

2020-21இல் இந்தியாவில் கோவிட் சாவு அரசுக் கணக்கில் 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 மதிப்பீடு 47 லட்சம். இந்திய அரசு அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டிலேயே 2020 ஜூலையில் விட்டுப்போன 444 சாவுகளை ஒரே நாளில் சேர்த்தார்கள். நம் மாநில அறிக்கைகளில் இறந்த ஒவ்வொருவருக்கும் வயது இருந்தது, ஆணா பெண்ணா என்பது இருந்தது, சர்க்கரையா ரத்தக்கொதிப்பா என்று 'இணை நோய்' இருந்தது. என்ன வேலை பார்த்தார், எத்தனை பேர் எத்தனை அறையில் இருந்தார்கள், என்ன சாதி என்பதற்குக் கட்டமே இல்லை.