கிட்டாரே வேண்டாம் என்றால் கிட்டாரிஸ்ட் என்ன செய்வார்? ரேடியோஹெட்டை உடைக்கப் பார்த்த ஆல்பத்தின் கதை

ஐந்து பேர் கொண்ட ஒரு ராக் பேண்ட். அதில் மூன்று பேர் கிட்டார் வாசிப்பவர்கள். மூன்றாவது ஆல்பம் உலகம் முழுக்க ஹிட். ஆனால் அடுத்த ஆல்பத்துக்காக ஸ்டூடியோவுக்குள் போகும்போது, பாட்டு எழுதுகிற முக்கியமான ஆளுக்கு கிட்டார் இசையே அலுத்துப்போயிருக்கிறது. இப்போது மற்றவர்கள் என்ன பண்ணுவார்கள்?

இங்கிலாந்தின் ரேடியோஹெட் பேண்டுக்கு 1999-ல் வந்த சிக்கல் இதுதான். அதிலிருந்து பிறந்த 'கிட் ஏ' ஆல்பம் இன்று பாப் இசை வரலாற்றின் மைல்கல்லாகப் பேசப்படுகிறது. ஆனால் அது வெளிவராமலே போயிருக்கலாம். பேண்டே கலைந்திருக்கலாம்.

பேண்டுகள் பிரியும்போது 'இசை ரீதியான கருத்து வேறுபாடு' என்று ஒரு வரியில் காரணம் சொல்லிவிடுவார்கள். கேட்டால் ரசனைச் சண்டை போலத் தெரியும். 'கிட் ஏ' கதையைக் கூர்ந்து பார்த்தால், பெரிய கேள்வி வேறு: புதிய பாதையில் எனக்கு வேலை இருக்கிறதா, இல்லையா?

ரேடியோஹெட் யார்?

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் பள்ளியில் படித்த ஐந்து நண்பர்கள் 1985-ல் ஆரம்பித்த பேண்ட் இது. பாடகர் தாம் யார்க், கிட்டாரிஸ்ட்கள் ஜானி கிரீன்வுட், எட் ஓ'பிரையன், பேஸ் கிட்டார் வாசிக்கும் காலின் கிரீன்வுட் (ஜானியின் அண்ணன்), டிரம்மர் ஃபில் செல்வே. 1991-ல் இ.எம்.ஐ. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஆட்கள் அன்றிலிருந்து இன்றுவரை மாறவே இல்லை.

1997-ல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. சிறந்த ஆல்டர்நேட்டிவ் ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. அதே பாணியைப் பின்பற்றிப் புதுப் புது பேண்டுகள் கிளம்பின.

பாடகருக்கு என்ன ஆனது?

'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்துக்கான நீண்ட உலகச் சுற்றுப்பயணம் தாம் யார்க்கை உலுக்கிவிட்டது. அந்த நாட்களின் களைப்பை 1998-ல் வந்த 'மீட்டிங் பீப்பிள் இஸ் ஈஸி' ஆவணப்படத்தில் பார்க்கலாம். அதன்பிறகு அவரால் எழுதவே முடியவில்லை. தன் குரலும் தன் பாணியும் எங்கு பார்த்தாலும் நகலெடுக்கப்படுவதாக அவருக்குத் தோன்றியது.

கார்ன்வால் கடற்கரைப் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். பாறை விளிம்புகளில் நடந்தார், படம் வரைந்தார், புதிதாக வாங்கிய பியானோவைத் தட்டிக்கொண்டிருந்தார். 'வார்ப்' நிறுவனம் வெளியிட்ட ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் போன்ற எலக்ட்ரானிக் கலைஞர்களின் இசையில் மூழ்கினார். மெலடியைவிட தாளமும் ஒலியின் தன்மையும் அவரை இழுத்தன.

மற்றவர்களுக்கு என்ன சிக்கல்?

முன்பெல்லாம் யார்க் ஒரு பாட்டைக் கொண்டுவந்தால் பல்லவி, சரணம் என்று ஒரு வடிவம் இருக்கும். ஒவ்வொருவரும் தன் பங்கைச் சேர்ப்பார்கள். இந்த முறை அவர் கொண்டுவந்ததில் பல வெறும் துண்டுகள். ஒரு டிரம் மெஷின் தாளம், ஒரு ஒலி, அவ்வளவுதான்.

டிரம் மெஷின் தாளத்தைப் பார்த்துக்கொள்ளும் என்றால் டிரம்மர் எதற்கு? ஓ'பிரையனுக்கு இது இன்னும் கஷ்டம். 'ஓகே கம்ப்யூட்டர்' மாதிரி பிரம்மாண்டமான ஆல்பத்துக்குப் பிறகு, சின்னச் சின்ன, மெலடி நிறைந்த கிட்டார் பாடல்களுக்குத் திரும்பலாம் என்பது அவர் ஆசை. யார்க் போக நினைத்த திசைக்கு நேர் எதிர் திசை இது.

ஜானி கிரீன்வுட்டுக்கு நிலைமை வேறு. அவருக்கு கிட்டாரைத் தவிர வேறு பல கதவுகளும் திறந்திருந்தன. இசைக்குழுவுக்கு ஸ்ட்ரிங்ஸ் எழுதத் தெரியும். மாடுலர் சிந்தசைசரில் ஆர்வம். 1928-ல் பிரான்சில் அறிமுகமான 'ஓன்டெஸ் மார்ட்டெனோ' என்ற பழைய எலக்ட்ரானிக் கருவி மீது காதல். புதிய திசையில் அவருக்கு வேலை குறையவில்லை, கூடியது.

ஸ்டூடியோவில் நடந்தது என்ன?

• 1999 ஜனவரி: பாரிஸில் பதிவு தொடங்கியது. ஒரு மாதத்தில் அங்கிருந்து கிளம்பினார்கள்.

• அடுத்து கோபன்ஹேகன். இரண்டு வாரத்தில், ஒவ்வொன்றும் 15 நிமிடம் ஓடும் சுமார் 50 டேப்கள் சேர்ந்தன. முடிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை.

• ஏப்ரல்: இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் ஒரு மாளிகை. டென்ஷனான மீட்டிங்குகள். வெளியிடத் தகுந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஆல்பம் வராவிட்டால் பேண்டைக் கலைத்துவிடலாம் என்று பேசி முடிவெடுத்தார்கள்.

• ஜூலை: ஓ'பிரையன் பேண்டின் இணையதளத்தில் டைரி எழுத ஆரம்பித்தார். உள்ளே நடந்த இழுபறி இவ்வளவு விவரமாக நமக்குத் தெரிய அதுவும் ஒரு காரணம்.

• செப்டம்பர்: ஆக்ஸ்ஃபோர்டில் சொந்த ஸ்டூடியோவுக்கு மாறினார்கள்.

இ.எம்.ஐ. டெட்லைன் எதுவும் வைக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டெட்லைன் இல்லாததால் எதை முடிப்பது, எதைத் தூக்கிப்போடுவது என்ற முடிவு தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருடம் ஓடிய பிறகு கையில் இருந்தவை ஆறு பாடல்கள்.

முட்டுக்கட்டை எப்படி விலகியது?

2000 ஜனவரியில் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச் ஒரு பயிற்சியை முன்வைத்தார். பேண்டை இரண்டு அணிகளாகப் பிரித்தார். ஒரு அணி ஏதாவது ஒரு ஒலியை உருவாக்க வேண்டும், ஆனால் கிட்டார், டிரம்ஸ் போன்ற கருவிகளைத் தொடக்கூடாது. அடுத்த அணி அதை வாங்கி வளர்க்க வேண்டும்.

இதில் முழுப் பாட்டு எதுவும் பிறக்கவில்லை. ஆனால் எலக்ட்ரானிக் கருவிகளால் என்ன செய்ய முடியும் என்பதில் ஓ'பிரையனுக்கு நம்பிக்கை வர இது உதவியது. 'நீ இல்லாமலும் இது நடக்கும்' என்ற நிலை மாறி, 'உனக்கும் இதில் கை வைக்க இடம் உண்டு' என்றானது.

ஆல்பத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 'ட்ரீஃபிங்கர்ஸ்' என்ற பாடலற்ற இசைத்துண்டு, ஓ'பிரையன் வாசித்த கிட்டாரை டிஜிட்டலாக உருமாற்றி உருவாக்கப்பட்டது. கேட்டால் கிட்டார் என்றே தெரியாது. 'இடியோடெக்' பாடலுக்காக ஜானி 50 நிமிட ஒலிப்பதிவு ஒன்றை யார்க்கிடம் கொடுத்தார். அதிலிருந்து ஒரு சின்னப் பகுதியை எடுத்து யார்க் பாட்டாக்கினார். ஆல்பத்தின் பாடல்கள் எல்லாமே 'ரேடியோஹெட்' என்ற பொதுப் பெயரில்தான் வெளிவந்தன.

2000 ஏப்ரலில் வேலை முடிந்தபோது கையில் 20-க்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தன. அவற்றில் 10 'கிட் ஏ' ஆனது. மீதியில் பெரும்பகுதி 2001-ல் 'ஆம்னீசியாக்' என்ற தனி ஆல்பமாக வந்தது.

மக்கள் ஏற்றுக்கொண்டார்களா?

2000 அக்டோபரில் ஆல்பம் வெளியானது. சிங்கிள் கிடையாது, வழக்கமான மியூசிக் வீடியோ கிடையாது. வெளிவரும் முன்பே நாப்ஸ்டரில் கசிந்தது. பிரிட்டனில் சில விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

எண்கள் வேறு கதை சொல்கின்றன. அமெரிக்காவில் 'ஓகே கம்ப்யூட்டர்' தொட்ட உச்சம் 21-வது இடம். 'கிட் ஏ' முதல் வாரத்திலேயே 2 லட்சம் பிரதிகளைத் தாண்டி முதலிடத்தில் இறங்கியது. அந்த நாட்டில் அவர்களுக்கு அதுதான் முதல் நம்பர் 1. மறுபடி ஒரு கிராமி. 2000-களின் சிறந்த ஆல்பம் என்று ரோலிங் ஸ்டோன், பிட்ச்ஃபோர்க் இரண்டுமே பின்னர் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

மற்ற பேண்டுகளில் இது எப்படி முடிந்தது?

பீச் பாய்ஸ், 1966: பிரையன் வில்சன் டூர் போவதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருக்க, அவர் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டூடியோ கலைஞர்களை வைத்து 'பெட் சவுண்ட்ஸ்' இசையை உருவாக்கினார். மற்றவர்கள் திரும்பி வந்தபோது அவர்களுக்கு மிச்சமிருந்தது பெரும்பாலும் பாடும் வேலை மட்டுமே. அடுத்த முயற்சியான 'ஸ்மைல்' 1967-ல் கைவிடப்பட்டது. அதற்குக் காரணங்கள் பல. பேண்டுக்குள் இருந்த எதிர்ப்பும் அதில் ஒன்று. பிரையன் அதைத் தன் சொந்தப் பெயரில் முடித்து வெளியிட 2004 வரை ஆனது.

ஃப்ளீட்வுட் மேக், 1979: 4 கோடிக்கும் மேல் விற்ற 'ரூமர்ஸ்' ஆல்பத்துக்குப் பிறகு, லிண்ட்சே பக்கிங்ஹாமுக்கு அதையே திரும்பச் செய்ய விருப்பமில்லை. இங்கே வழி பங்கு பிரிப்பதாக இருந்தது. 'டஸ்க்' என்ற 20 பாடல் இரட்டை ஆல்பத்தில் அவருக்கு 9, கிறிஸ்டின் மெக்வீக்கு 6, ஸ்டீவி நிக்ஸுக்கு 5. அவரவர் பாணி அவரவருக்கு. ஆனால் விற்பனை 'ரூமர்ஸ்' பக்கத்தில்கூட வரவில்லை. 1982-ல் வந்த 'மிராஜ்' பழைய பாப் பாதைக்கே திரும்பியது.

பேண்ட் தாக்குப்பிடித்தது எப்படி?

ஒரே ஆல்பத்தில் ஐந்து பேரின் ஆசையும் நிறைவேறாது. ரேடியோஹெட்காரர்கள் அதை பேண்டுக்கு வெளியே தீர்த்துக்கொண்டார்கள். யார்க் 2006-லும், செல்வே 2010-லும், ஓ'பிரையன் 2020-லும் சொந்த ஆல்பம் வெளியிட்டார்கள். ஜானி படங்களுக்கு இசையமைக்கப் போனார். 2015-ல் ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில், ஷாய் பென் ட்சுர், ராஜஸ்தான் இசைக்கலைஞர்களோடு சேர்ந்து 'ஜுனூன்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதற்கும் கூட இருந்தவர் அதே நைஜல் காட்ரிச்தான்.

2003-ல் வந்த 'ஹெய்ல் டு தி தீஃப்' ஆல்பத்தில் கிட்டார் மறுபடி முன்னுக்கு வந்தது. 2025-ன் கடைசியில் அதே ஐந்து பேர் ஐரோப்பாவில் மேடை ஏறினார்கள். அந்தப் பயணத்தில் கோபன்ஹேகனும் ஒரு நிறுத்தம். 1999-ல் 50 டேப் பதிவு செய்தும் ஒரு பாட்டுகூட முடியாமல் அவர்கள் கிளம்பிய அதே ஊர்.